ஸ்விட்ச் போட்ட நாள்

ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். காதுக்குப் பின்னால் மழித்த இடத்தில் முடி முள்முள்ளாக முளைத்துவிட்டது. "தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க" என்று கணவருக்கு எழுதிக் காட்டியே கவுன்டர் அக்காவுக்கு ஒரு நோட்டு தீர்ந்துபோனது.

கவுன்டர் அக்கா என்பது தபால் ஆபீஸ் வைத்த பெயர். பதினாறு வருடமாக மூன்றாம் நம்பர் கவுன்டரில் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியிருக்கும் ஓட்டை வழியாக ஊரோடு பேசுகிறவள். பின்கோடு தெரியாதவர்கள், கையெழுத்து மாறியவர்கள், வராத மணியார்டருக்கு அவளைத் திட்ட வந்தவர்கள் என்று பகல் முழுக்கப் பேச்சுதான். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் உண்டு. கேட்கத்தான் காது இல்லை.

அவள் கணவரை இன்னமும் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டு எட்டு வருடமாகிறது. ஒரு காய்ச்சலில் வலது காது போனது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இடதும் போனது. ஏன் என்று கேட்டதற்கு டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். டிப்போ நிர்வாகம் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி டயர் பகுதியில் போட்டது.

இப்போது அவர் மண்டை எலும்புக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதன் வெளிப்பாகத்தைக் காந்தம் போலத் தலையில் ஒட்டி, இன்றுதான் முதல்முதலாக ஸ்விட்ச் போடப்போகிறார்கள். பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீடு ஐந்தரைக்கே எழுந்துவிட்டது.

"அம்மா, 'அப்பா, நான்தான் சிட்டு'ன்னு சொல்லவா, இல்ல வெறும் 'ஹலோ அப்பா' போதுமா?" கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு மகள் கேட்டாள். பன்னிரண்டு வயது. ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசியதால் சின்ன வயதிலேயே சிட்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

"முதல்ல பல்லத் தேய்."

"சொல்லும்மா. அப்பா கேக்கப்போற முதல் வார்த்தை. வீடியோல வேற வரும். அத்தை ஒம்பது மணிலேர்ந்து வெயிட் பண்றேன்னுருக்காங்க. கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டாச்சு."

போனில் எத்தனை வீடியோ பார்த்திருப்பார்கள்! ஸ்விட்ச் போட்டதும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். இன்னொருத்தி கணவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். ஒரு கிழவர் எழுந்து நின்று ஆடுகிறார். மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இதுதான் வேலை.

கவுன்டர் அக்காவும் பார்த்தாள். ஆனால் அவளுடைய ஆசை வீடியோவுக்கு ஆகாத ஆசை. விளக்கை அணைத்த பிறகும் அவரோடு பேச வேண்டும். எட்டு வருடமாக ஸ்விட்சைத் தட்டினால் பேச்சும் முடிந்தது. இருட்டில் உதட்டைப் படிக்க முடியாதே.

டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஷூவுக்குப் பாலிஷ். பெண் பார்க்கப் போகிற மாதிரி தலைவாரியிருந்தார்.

"போலாமா?" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது எப்போதும் பக்கத்து வீடு வரைக்கும் போகும்.

* * *

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவர் முழுக்க மெத்தை ஒட்டியிருந்தது. கருவியைப் பொருத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிட்டு அவளுக்கு 'மிஷின் டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தாள்.

வட்டமான அந்த வெளிப்பாகத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனதும் அது தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் மிஷின் டாக்டர் எதையோ அழுத்தினாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று எழுதிக் காட்டியிருந்தாள்.

சிட்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவரின் ஆட்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது.

"தூக்கிட்டாரு! தூக்கிட்டாரு!" சிட்டு குதித்தாள்.

இது வெறும் 'பீப்'. இன்னும் அரை மணி நேரம் 'பீப்'கள்தான். ஒவ்வொன்றாகக் கூட்டி, குறைத்து, குறித்துக்கொண்ட பிறகு மிஷின் டாக்டர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "இப்ப வெளிச் சத்தம் எல்லாம் வரும். பயப்படாதீங்க."

சிட்டு போனை அம்மா கையில் திணித்தாள். "ஆடாம பிடி."

ஸ்விட்ச் போட்டார்கள்.

டிரைவர் தூக்கிவாரிப் போட்டது போல நிமிர்ந்தார். கண்கள் கூரையில் இருந்த ஏசியைப் பார்த்தன, கதவைப் பார்த்தன, மிஷின் டாக்டர் மேசையை இழுத்தபோது மேசையைப் பார்த்தன.

"என்னங்க, கேக்குதா?"

அவர் அவளுடைய உதட்டைப் பார்த்தார். "நீ வாயத் தொறந்தா சத்தம் வருது," என்றார். "ஆனா பேச்சா வரல. தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு."

சிட்டு காத்திருக்கவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்று, காலையிலிருந்து ஒத்திகை பார்த்ததை மூச்சு விடாமல் சொன்னாள்.

"அப்பா, நான்தான் சிட்டு. இதுதான் என் குரல்."

அவர் முகத்தைச் சுளித்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

"என்னது இது, எலி கத்துற மாதிரி?" அறை அதிரக் கேட்டார். பிறகு மிஷின் டாக்டர் பக்கம் திரும்பினார். "இது எம் பொண்ணு குரல் இல்லம்மா. மிஷின்ல ஏதோ கோளாறு. கொஞ்சம் சரியாப் பாருங்க."

சொல்லிவிட்டு அந்த வட்டத்தைப் பிய்த்தெடுத்து மேசைமேல் வைத்தார்.

போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சிட்டு அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கினாள், அணைத்தாள், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"நான் முன்னாடியே சொன்னேனே," என்றாள் மிஷின் டாக்டர் தாழ்ந்த குரலில். "எட்டு வருஷமா மூளைக்குச் சத்தமே போகல. இப்ப இது அனுப்புறது புது மாதிரி சத்தம். அதப் பேச்சாப் புரிஞ்சுக்க மூளை பழகணும். தினம் மாட்டணும். மூணு மாசம், ஆறு மாசம் ஆகலாம். சில பேருக்கு முதல் நாளே புரியும். பல பேருக்குப் புரியாது. அந்தப் பல பேர் வீடியோ போடறதில்ல."

சொன்னாள்தான். இரண்டு முறை சொன்னாள், அச்சடித்த தாளும் கொடுத்தாள். கவுன்டர் அக்கா அதைப் படித்தும் இருந்தாள். ஆனால் அதெல்லாம் வேறு யாருக்கோ எழுதினது என்று நினைத்துவிட்டாள்.

* * *

சிட்டு தண்ணீர்க் குழாய் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அழறியா?"

"இல்ல."

"சரி, அழுது முடிச்சதும் சொல்லு."

"என் குரல் எலி மாதிரியா இருக்கு?"

"என்னோடது தகர டப்பா. உனக்காவது உயிருள்ள பிராணி கிடைச்சுது."

சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகவே மறுபடி கோபமும் வந்தது. "எம் பொண்ணு இல்லன்னு சொன்னாரும்மா."

கவுன்டர் அக்கா அவள் பின்னலைச் சரி செய்தபடி சொன்னாள்: "அவர் கடைசியாக் கேட்டப்ப உனக்கு நாலு வயசு. உனக்கு 'ர' வராது. டிரைவர்னு சொல்ல மாட்டே, 'டைவல்'ம்பே. அவர் காதுக்குள்ள இத்தன வருஷமா அந்தக் குரல்தான் ஓடிக்கிட்டிருக்கு. நீ வளந்ததைக் கண்ணு பாத்துச்சு. காது பாக்கலயே. அது அந்த நாலு வயசத்தான் தேடுது."

"அத்தைக்கு என்ன அனுப்பறது?"

"ஸ்விட்ச் போட்டாச்சுன்னு அனுப்பு. பொய் இல்லயே."

சிட்டு தட்டச்சு செய்யத் தொடங்கியபோதுதான், மூடியிருந்த கதவைத் தாண்டி டிரைவரின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் எப்ப வண்டி ஓட்டலாம்? அதச் சொல்லுங்க!"

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுன்டர் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மிஷின் டாக்டர் சங்கடமாக அவளைப் பார்த்தாள். "டிப்போல எழுதிக் கொடுத்துட்டாராம். அடுத்த மாசம் முதல் தேதி பஸ்ஸுக்குத் திரும்ப வர்றேன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. டிரைவர் அவள் கண்ணைப் பார்க்காமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

மிஷின் டாக்டர் பேனாவை எடுத்தாள். வெகுநேரம் யோசித்து, மூன்றே வரி எழுதினாள். பஸ் ஓட்டத் தகுதி உண்டா என்பதைத் தனி டாக்டர் குழுதான் முடிவு செய்யும். இந்தக் கருவியோடு ஒருவருக்கு அனுமதி கொடுத்து அவள் பார்த்ததில்லை. இன்றைய நிலையில் அவளால் சிபாரிசு செய்ய முடியாது.

அவர் படித்தார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். மேசைமேல் கிடந்த வட்டத்தை எடுத்துத் தலையில் ஒட்டிக்கொண்டார்.

"டிப்போவுக்குப் போகணும்," என்றார். அன்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னது அது ஒன்றுதான்.

* * *

பஸ்ஸில் கவுன்டர் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை கேள்வி, எத்தனை கையெழுத்து! தலையைத் திறக்கிறார்கள் என்றதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவர்தான் தைரியம் சொன்னார். எனக்குக் கேக்கணும், கேக்கணும் என்று குழந்தை மாதிரி அடம் பிடித்தார். அவளும் நம்பினாள், தன் குரலுக்காகத்தான் இந்தத் தவிப்பு என்று. சிட்டுவுக்காக என்று. மனுஷன் இத்தனை நாளும் தவித்தது ஒரு என்ஜினுக்காக!

பொறாமைப்படுவதற்குப் பஸ்தானா கிடைத்தது என்று நினைத்தபோது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் வலித்தது.

டிப்போவில் மதிய ஓய்வு நேரம். கொட்டகைக்குள் பஸ்கள் வரிசையாக நின்றன. டீசலும் ரப்பரும் கலந்த வாடை. டிரைவர் நேராகப் போய் மெக்கானிக்கின் தோளைத் தட்டி, முதலில் நின்ற வண்டியைக் காட்டினார். "ஸ்டார்ட் பண்ணு."

மெக்கானிக் அவர் தலையில் இருந்ததைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஏறினார்.

என்ஜின் உறுமியது. டிரைவர் முன்பக்கம் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். ஒரு காலத்தில் தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அது எந்த நம்பர், எவர் ஓட்டுகிறார் என்று வீட்டுக்குள் இருந்து சொல்லுவார். இப்போது அவர் நெற்றி சுருங்கியது. இன்னும் கிட்டப் போனார். அடுத்த வண்டியைக் காட்டினார். அதையும் ஸ்டார்ட் செய்தார் மெக்கானிக். பிறகு மூன்றாவது.

"நிறுத்து," என்றார் டிரைவர். "எல்லாம் ஒண்ணுதான். மாவு மிஷின்."

டயர் குவியல்மேல் போய் உட்கார்ந்தார். கவுன்டர் அக்கா எதிரில் போய் நின்றாள். அவர் படிப்பதற்காக உதட்டை நிதானமாக அசைத்துக் கேட்டாள்: "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பே."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"இதோ பாரு, இப்படித்தான்." அவர் அவளுடைய வாயைச் சுட்டிக் காட்டினார். "எட்டு வருஷமா எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் பேசறீங்க. மெதுவா, வாயப் பெருசாத் தொறந்து. கைக்குழந்தைக்குச் சொல்ற மாதிரி. தப்புச் சொல்லல. வேற வழி இல்ல. ஆனா அந்த சீட்ல உக்காந்தா அறுபது பேர் என் முதுக நம்பித் தூங்குவாங்க. அவங்க எவனும் எங்கிட்ட மெதுவாப் பேச மாட்டான். அது ஒரு தடவ திரும்பக் கிடைக்காதான்னு..."

முடிக்கவில்லை. அவளுடைய கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சிட்டு இதற்குள் பொறுமை இழந்திருந்தாள். டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் இரும்புக் கம்பி ஒன்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து, பக்கத்து வண்டியின் சக்கரத்தில் சும்மா தட்டினாள். டங், டங், டங்.

"மூணு," என்றார் டிரைவர், திரும்பாமல்.

சிட்டு அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"அஞ்சு."

இரண்டு தட்டி, கொஞ்சம் விட்டு, ஒன்று தட்டினாள்.

"ரெண்டு. அப்புறம் ஒண்ணு." அவர் குரலில் சந்தேகம் கலந்த வியப்பு. "யாரு தட்டறது? சிட்டுவா?"

மெக்கானிக் ஒரு தகரப் பீப்பாயை இழுத்துவந்து, கையிலிருந்த ஸ்பேனரால் தன் பங்குக்கு ஏழு போட்டார். டிரைவர் எட்டு என்றார். "நான் ஏழுதான் போட்டேன்," என்று மெக்கானிக் விரலைக் காட்ட, "ஒண்ணு எகிறி விழுந்துச்சுய்யா, அதையும் சேத்துக்கோ," என்றார் டிரைவர். பார்த்தால் உண்மைதான். ஸ்பேனர் ஒரு தடவை துள்ளியிருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் பல் தெரிந்தது.

சிட்டு கம்பியைக் கீழே வைத்தாள். பின்னால் இருந்தபடியே, வாயால் கூப்பிட்டாள்.

"அப்பா."

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"ரெண்டு," என்றார்.

"ரெண்டுதான்!" சிட்டு ஓடிவந்து முன்னால் நின்று, விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். "அப். பா. ரெண்டு!" அவள் கண்ணில் நீர் நின்றது. "இன்னும் எலியாவா இருக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. "எலிதான்," என்றார். "ஆனா நம்ம வீட்டு எலி."

* * *

குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கவுன்டர் அக்கா ஆபீஸ் பக்கம் போனாள். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டிய தாளின் பசை இன்னும் காயவில்லை. உத்தரவு என்று எதைக் கண்டாலும் படித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. படித்தாள்.

'டயர் பகுதி ஊழியர், தமது எழுத்துப்பூர்வமான வேண்டுகோளின்படி, வரும் திங்கட்கிழமை முதல் அப்பகுதியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவ்விடத்தில் புதிய ஊழியர் பணியில் அமர்த்தப்படுகிறார்.'

இன்று வெள்ளிக்கிழமை.

இரண்டாவது தடவையும் படித்தாள். விடுவிக்கப்படுகிறார் என்று இருந்தது. எங்கே போகப்போகிறார் என்று இல்லை. பஸ்ஸும் இல்லை, டயரும் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, சிட்டுவுக்குக் கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவுன்டர் அக்காவுக்குத் தன்னை அறியாமல் வாய்க்குள்ளிருந்து வந்தது:

"ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கக் கூடாதாய்யா நீ!"

டிரைவர் சட்டென்று திரும்பினார்.

"இப்ப என்னமோ சொன்னே."

அவள் தலையாட்டினாள்.

"என்னன்னு புரியல," என்றார். "ஆனா திட்டுனே. தடதடன்னு ஆரம்பிச்சு, கடைசில போட்டு ஒரு இழு இழுத்தே. திட்டுனியா இல்லியா?"

வேறு நாளாக இருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இன்று அதற்கு நேரமில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நிறுத்தினாள்.

அவர் படித்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. "திங்கக்கிழமையா? நான் முதல் தேதின்னுதானே எழுதினேன்? பஸ்ஸு கிடைச்சா மட்டும் டயர்லேர்ந்து விடுவியுங்கன்னுதானே எழுதினேன்?"

"நகல் இருக்கா?"

"இல்ல."

"தபால்ல அனுப்பினீங்களா, கைல குடுத்தீங்களா?"

"கைல."

தபால் ஆபீஸ்காரியைக் கட்டிக்கொண்டு இப்படி ஒரு மனுஷன்! அவள் தலையில் கை வைத்தாள். பிறகு புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தாள். எட்டு வருடமாக வங்கியிலும், ஆஸ்பத்திரியிலும், சிட்டுவின் பள்ளிக்கூடத்திலும் அவருக்காகப் பேசியவள் அவள்தான். இதையும் பேசிவிடலாம்.

கதவருகே அவர் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ பேசாத. நான் பேசறேன்."

"அவர் சொல்றது உங்களுக்குப் புரியாதே?"

உதட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். "புரியாது. புரியலன்னா திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். மறுபடியும் புரியலன்னா மறுபடியும் சொல்லச் சொல்லுவேன். இத்தன வருஷமா யாரையும் நான் அப்படிக் கேட்டதே இல்ல தெரியுமா? தலையாட்டிட்டு வந்துருவேன்."

வியர்வையில் நகர்ந்திருந்த அந்த வட்டத்தை விரலால் அழுத்திச் சரி செய்துகொண்டார். கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது "வாங்க" என்றதா, "அப்புறம் வாங்க" என்றதா என்பது, நல்ல காது உள்ள கவுன்டர் அக்காவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.